நாட்டிற்கு அணி ஐந்து: இலங்கையும் சிங்கப்பூரும்

இளைஞர் இருவர் ஓரிடத்திற் கூடினால் அவர்தம் பேச்சு இந்நாளில் விரைவிலே கடல் கடந்து சென்றுவிடுகின்றது. அங்கே சம்பளம் எவ்வளவு, இங்கே எவ்வளவு. அங்கே தெரு எப்படி, இங்கே எப்படி என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றனர். பக்கத்திலே முதியவர் ஒருவர் இருப்பாராயின், "தம்பி, ஒரு காலத்திலை சிங்கப்பூர்க்காரர் எங்கடை நாட்டைப் பார்த்து ஏங்கினவை, அதை மறந்து கதையாதையுங்கோ" என்பர். இளைஞர் சிரிப்பர், முதியவர் சினப்பர். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. இருசாரார் கூற்றிலும் பிழையும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரத்தை எந்தக் கோலால் அளப்பது? பணவருவாய் ஒன்றே போதும் என்பர் சிலர். திருவள்ளுவரோ 'நாடு' என்னும் அதிகாரத்திலே நோயில்லாமை, பொருள், விளைச்சல், மகிழ்ச்சி, காவல் ஆகிய ஐந்தையும் ஒரு நாட்டிற்கு அணிகளெனச் சேர்த்துக் கூறினார். பொருள் அவ்வைந்தில் ஒன்றேயாம். அதற்கு முன்னே நோயில்லாமையை அவர் வைத்திருத்தலும் கருதத்தக்கது. ஐக்கிய நாடுகள் நிறுவனம் 1990இல் வெளியிடத் தொடங்கிய மனித அபிவிருத்தி அறிக்கையும் ஆயுள், கல்வி, வருவாய் என்னும் மூன்றையும் ஒருங்கே வைத்துத்தான் நாடுகளை வரிசைப்படுத்துகின்றது. ஆதலால் வள்ளுவர் தந்த ஐந்தையும் கோலாகக் கொண்டு இவ்விரு நாடுகளையும் நோக்குவோம்.

இரு நாடுகளின் தொடர்பு

சிங்கப்பூர் எமக்கு அந்நியமான ஊரன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் மலாயாவிலே புகையிரதப் பாதையும் நில அளவைக் கந்தோரும் திறைசேரியும் அமைக்கத் தொடங்கியபோது, ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த எழுதுவினைஞர் அவர்களுக்குத் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்திலே கல்லூரிகள் முன்னரே தோன்றியிருந்தன. படித்தவர் பலர், உத்தியோகம் சில. ஆகவே கப்பலேறினர். 1885இல் தைப்பிங் நகரிலிருந்து முதற் புகைவண்டி ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, மலாயாப் புகையிரத நிலையங்களிலே யாழ்ப்பாணத் தமிழ் கேட்டுக்கொண்டேயிருந்தது. அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளால் எழுந்த கல்வீடுகளையும் திருப்பணி கண்ட கோயில்களையும் எமது ஊர்களில் இன்றும் காணலாம். 'மலாயாப் பென்சன்காரர்' என்பது ஒரு காலத்தில் ஊரிலே ஒரு பட்டமாகவே விளங்கிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. எமது நாடே செல்வத்தில் முந்தியிருந்ததாயின், எம்மவர் அங்கே பிழைக்கச் சென்றது எதற்காக? இவ்வினாவைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

ஒப்பீட்டுக்கு முன் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். 1960ஆம் ஆண்டளவிற் சிங்கப்பூரின் பரப்பு ஏறக்குறைய 580 சதுர கிலோமீற்றரே. கடலை நிரப்பி நிலமாக்கிய பின்னர் இன்றும் அது 735 சதுர கிலோமீற்றர் அளவிலேயே நிற்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது சிறியது. 1957இல் அங்கே வாழ்ந்தோர் பதினான்கரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1963இல் இலங்கையில் வாழ்ந்தோர் ஒரு கோடியே ஆறு இலட்சம். ஒன்று துறைமுகப் பட்டினம்; மற்றது ஆயிரக்கணக்கான கிராமங்களைக் கொண்ட நாடு. இவ்வேறுபாட்டை மறந்து செய்யும் ஒப்பீடு நெல்லையும் முத்தையும் ஒரே கொத்தால் அளப்பது போலாகும்.

நோயில்லாமை

முதலாவது அணியில் இலங்கை செய்த அருஞ்செயலை எம் இளைஞர் பலர் அறியார். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இந்நாட்டைத் தாக்கிய மலேரியாக் காய்ச்சலில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மாண்டனர். 1946இலே ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த சாவு வீதம், அடுத்த ஆண்டிலேயே 14 ஆக இறங்கிற்று. ஓராண்டில் இத்தகைய இறக்கத்தை உலகில் மிகச் சில நாடுகளே கண்டுள்ளன. டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டமை இதற்கு ஒரு காரணம். ஆனால் மருந்து மாத்திரம் காரணமன்று. 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியிருந்தது. மருத்துவமாது வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பார்த்து வந்தாள். அரசாங்க வைத்தியசாலைகளிலே ஏழைகளும் சிகிச்சை பெற்றனர். 1946இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன. 1960இல் அத்தொகை 57 ஆகக் குறைந்தது.

சிங்கப்பூரோ அதே 1960இல் ஆயிரத்துக்கு 35 என்னும் அளவை எட்டிவிட்டது. இதை மறைத்தல் தகாது. குழாய்நீரும் வைத்தியசாலையும் எட்டக்கூடிய தூரத்தில் வாழும் பட்டினத்து மக்களை நோயினின்று காப்பது ஓரளவு எளிது. வன்னிக் காட்டிலும் ஊவா மலையிலும் சிதறிக் கிடக்கும் மக்களைக் காப்பதோ அரிது. அவ்வரிய செயலையே இலங்கை குறைந்த பணத்தைக் கொண்டு செய்தது.

எனினும், பெற்றதைப் பேணுவதும் பெறுவதைப் போலவே கடினமானது. 1963இலே நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கு மாத்திரமே மலேரியா கண்டது. பகை அழிந்ததென்று கருதிக் காவலைத் தளர்த்தினர். 1968, 1969இல் அக்காய்ச்சல் இலட்சக்கணக்கானோரை மீண்டும் பிடித்தது. சிங்கப்பூர் மலேரியா நீங்கிய நாடென்று 1982இல் உலக சுகாதார தாபனத்தின் சான்று பெற்றது. இலங்கை அச்சான்றினை 2016இலேதான் பெற்றது. போர் நடந்த நாட்டிலே இது நிறைவேறியது பெருமைக்குரியதே. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் இழந்த உயிர்களை மறக்கலாகாது.

பொருள்

இனி, முதியோர் கூற்றை ஆராய்வோம். சுதந்திரம் பெற்ற நாளில் இலங்கை ஆசியாவிலே நம்பிக்கைக்குரிய நாடாக விளங்கியது மெய்யே. யப்பானியர் 1942 முதல் 1945 வரை சிங்கப்பூரை ஆண்டு சூறையாடினர். கொழும்போ நேச நாட்டுப் படைகளின் தளமாக இருந்து பணம் ஈட்டிற்று. இலண்டனிலே எமக்குக் கையிருப்பு இருந்தது. 1950இல் மூண்ட கொரிய யுத்தம் இறப்பரின் விலையை உயர்த்திவிட்டது. 1956இலே கொழும்புக்கு வந்த லீ குவான் யூ, அந்நாளிற் கொழும்பு சிங்கப்பூரைவிடச் சிறந்த நகராக இருந்ததெனப் பின்னாளிற் கூறியுள்ளார். முதியோர் சொல்வது இதனையே.

ஆனால் நகரின் தோற்றம் வேறு; குடிகளின் வருவாய் வேறு. உலக வங்கியின் கணக்குப்படி 1960இலே சிங்கப்பூரில் ஒருவருக்குரிய சராசரி ஆண்டு வருவாய் ஏறத்தாழ 428 அமெரிக்க டொலர். இலங்கையில் ஏறத்தாழ 140 டொலர். அதாவது, அன்றைக்கே அவர்கள் எம்மைவிட மூன்று மடங்கு பொருளுடையவராயிருந்தனர். மேலே எழுப்பிய வினாவுக்கு விடையும் இதிலேயே இருக்கின்றது. எம் பாட்டன்மார் கப்பலேறியது அங்கே சம்பளம் அதிகம் என்பதற்காகவே. நாம் முதலில் நின்றோம், பின்னர் விழுந்தோம் என்னும் கதை பாதி உண்மையே. பொருளில் நாம் முதலில் நின்றதில்லை.

எனினும் அன்று மூன்று மடங்காயிருந்த வேறுபாடு இன்று இருபது மடங்காகியிருக்கின்றது. சிங்கப்பூரின் சராசரி வருவாய் 80,000 டொலரைத் தாண்டிவிட்டது. எமது வருவாய் 4,000 டொலர் அளவிலே நிற்கின்றது. இதற்குக் காரணம் யாது?

தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையுமே இலங்கை நம்பியிருந்தது. 1950களின் நடுப்பகுதிக்குப் பின் அவற்றின் விலை தளர்ந்தது, குடித்தொகையோ ஏறிக்கொண்டிருந்தது. கையிருப்புக் கரைந்தது, 1960களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூருக்கும் இத்தகைய இக்கட்டு நேர்ந்தது. 1965 ஓகஸ்ட் 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, உள்நாட்டுச் சந்தையும் போயிற்று. குடிநீர்கூடப் பெரும்பாலும் அயல்நாட்டுக் குழாயினூடே வந்தது. ஆங்கிலப் படையும் 1971இல் விலகியது. அத்தளங்களை நம்பியிருந்த பல்லாயிரம் தொழில்கள் போயின. அவர்கள் சதுப்பு நிலமாய்க் கிடந்த ஜூரோங்கிலே தொழிற்பேட்டை அமைத்து, பிறநாட்டு முதலை அழைத்து, உலகச் சந்தைக்கென்றே பண்டங்கள் செய்தனர். நிதியமைச்சர் கோ கெங் சுவீ இம்முயற்சிக்கு முதன்மையாய் நின்றவர். இலங்கை இவ்வழியிற் கால் வைத்தது 1977க்குப் பின்னரே. ஆறாண்டு செல்லுமுன் நாடு நெருப்பில் வீழ்ந்தது.

விளைச்சல்

விளைச்சலைப் பொறுத்தவரை சிங்கப்பூருடன் எமக்குப் போட்டியில்லை. தான் உண்ணும் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு அது. எமக்கோ குளமும் வயலும் உண்டு. இருந்தும் சுதந்திரத்தின் பின் பல்லாண்டுகள் நாமும் பெருந்தொகை அரிசியை வெளிநாட்டிலிருந்தே கொணர்ந்தோம். அதற்காகவே 1952இலே சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி பெறும் உடன்படிக்கை செய்யப்பட்டது.

பங்கீட்டு அரிசியின் கதையை முதியோர் நன்கறிவர். 1953இலே 25 சதத்துக்கு விற்ற கொத்தரிசியை 70 சதமாக்கினர். ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடு முழுதும் ஹர்த்தால் நடந்தது, உயிர்கள் போயின, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அதன் பின்னர் அரிசிக் கூப்பனில் கைவைக்க எந்த அரசாங்கமும் அஞ்சிற்று. அந்த மலிவரிசி ஏழைகளைப் பட்டினியினின்று காத்தது. குழந்தைகளின் சாவைக் குறைத்தது. அதே அரிசி திறைசேரியின் பெரும்பங்கை விழுங்கிற்று. தொழிற்சாலைக்குப் போகவேண்டிய பணம் சங்கக்கடைக்குப் போயிற்று. அன்றிருந்தோர் செய்தது தவறென்று இன்றிருந்து எளிதிற் சொல்லலாம். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதா, அதன் தகப்பனுக்கு வேலை தேடுவதா என்ற கேள்விக்கு இரண்டையும் செய்வதே விடை. அதற்கு எம்மிடம் பணம் போதவில்லை.

1970 முதல் 1977 வரை வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டன. கொழும்பிலே பாணுக்கு வரிசை நின்ற அதே காலத்தில், எமது தோட்டக்காரர் கையிலே காசு புரண்டது. 1977இற் கதவு திறந்ததும் அவ்விலை வீழ்ந்தது. ஒருவனுடைய கஷ்ட காலம் மற்றொருவனுடைய நல்ல காலமாதல் கூடும் என்பதை இதிலே காண்கின்றோம். அண்மையில் 2021இல் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டபோதோ எல்லா விவசாயிக்கும் ஒருங்கே கஷ்டம் வந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் தடை நீக்கப்பட்டும் விளைச்சலில் நேர்ந்த இழப்பு நீங்கவில்லை.

மகிழ்ச்சி

மகிழ்ச்சியை அளக்க எண்கள் இல்லை. எனினும் பிள்ளைக்குக் கல்வியும் குடும்பத்திற்கு ஒரு வீடும் இல்லாதவிடத்து மகிழ்ச்சி நிலையாது. கல்வியில் நாம் முந்தினோம். வீட்டில் அவர்கள் முந்தினர்.

1945இலே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 65 பேர். 1957இலே சிங்கப்பூரில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. படித்தும் வேலையில்லை என்னும் துன்பம் பின்னர் எம் இளைஞரைப் பற்றியதற்கு, கல்வி மிகுந்ததன்று காரணம். கல்விக்கேற்ற தொழில் பெருகாமையே காரணம்.

சிங்கப்பூர் மக்களோ அந்நாளில் ஒரே அறையைப் பலகையால் மறித்துப் பல குடும்பங்களாய்க் குடியிருந்தனர். மற்றும் பலர் ஓலையும் தகரமும் வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்தனர். 1960இலே வீடமைப்புச் சபை நிறுவப்பட்டது. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ என்னுமிடத்தில் மூண்ட தீயில் ஏறத்தாழப் பதினாறாயிரம் பேர் வீடிழந்தனர். வெந்த அதே நிலத்திலே மாடிவீடுகள் எழுந்தன. ஐந்தாண்டில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தனர். 1968 முதல் தொழிலாளர் தம் சேமலாப நிதியைக்கொண்டு அவ்வீடுகளைச் சொந்தமாக்கிக் கொண்டனர். இன்று அந்நாட்டுக் குடிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அச்சபை கட்டிய வீடுகளிலேயே வாழ்கின்றனர்.

காவல்

ஐந்தாவது அணியே மற்றை நான்கையும் தாங்குவது. இதிலேதான் எமது நாடு பெருந்தோல்வி கண்டது.

இலங்கையைப் போலவே சிங்கப்பூரும் பல இனத்தார் வாழும் நாடு. அங்கும் இனக்கலவரம் நடந்தது. 1964இல் இருமுறை மலாயரும் சீனரும் மோதி மாண்டனர். ஆனால் பெரும்பான்மையினர் சீனராயிருந்தும், சீனமொழி மாத்திரமே அரச மொழி என்று அவர்கள் சட்டஞ் செய்யவில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்குக்கும் ஆட்சிமொழி என்னும் தகுதி வழங்கினர். நூற்றுக்குப் பத்துப் பேரும் பேசாத தமிழுக்கும் அங்கே இடமுண்டு. 1966இல் அந்நாட்டு மாணவர் சொல்லும் உறுதிமொழியை யாத்தவர் எஸ். இராசரத்தினம், வட்டுக்கோட்டையிற் பிறந்தவர், சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சர்.

இங்கே நடந்தது யாவரும் அறிந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இற் கலவரம், 1971இலும் 1980களின் இறுதியிலும் தெற்கிலே இளைஞர் கிளர்ச்சி, 1983 யூலையிலே பேரழிவு, பின்பு 2009 மே மாதம் வரை யுத்தம். பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு நீங்கினர். இழந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் கணக்கெழுதலாம். இழந்த ஒரு தலைமுறைக்கு எப்படிக் கணக்கெழுதுவது? போரின் பின்னும் கடன் பெருகி, 2022 ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடனைத் திருப்ப இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்நாட்களை இவ்விதழைப் படிக்கும் சிறுவரும் மறந்திரார்.

சிங்கப்பூரின் காவலுக்கும் ஒரு விலை உண்டு. 1959 முதல் ஒரே கட்சியே அங்கு ஆள்கின்றது. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டத்தால் 1963இலே நூற்றுக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். இலங்கையிலோ 1931இலேயே ஆண் பெண் எல்லார்க்கும் வாக்குரிமை வந்தது. மக்கள் பலமுறை அரசாங்கத்தை வாக்கினால் மாற்றியுள்ளனர். இதுவும் ஒரு வாழ்க்கைத் தரமே.

சராசரி மறைக்கும் முகங்கள்

எந்நாட்டுச் சராசரியும் சிலரை மறைத்தே நிற்கும். இலங்கையின் பெருமைக்குரிய எண்களெல்லாம் மலையகத் தோட்டங்களிலே மங்கிப்போயின. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த அம்மக்களின் குடியுரிமை 1948இற் பறிக்கப்பட்டது. பலர் அதனை முழுமையாக அடைய 2003 வரை காத்திருந்தனர். லயன் காம்பறாவிலே வாழ்ந்த அவர்களை 1970களின் நடுப்பகுதியில் நேர்ந்த உணவு நெருக்கடி மிகக் கொடிதாய்த் தாக்கிற்று. அந்நாளிலே தோட்டங்களின் சாவு வீதம் நாட்டின் சராசரியை வெகுவாய்த் தாண்டியது. சிங்கப்பூரிலும் அவ்வானளாவிய மாளிகைகளைக் கட்டுவோர் பெரும்பாலும் வங்காள தேசத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிறவிடங்களிலிருந்தும் வந்த கூலிகளே. 2020இலே பெருந்தொற்று அங்கே பரவியபோது, நெருக்கமான விடுதிகளில் அடைபட்டிருந்த அவர்களே பெருந்தொகையாய் நோயுற்றனர். ஆகவே ஒரு நாட்டின் தரத்தைக் கேட்பவன், அந்நாட்டின் கடைசி மனிதன் எப்படி வாழ்கின்றான் என்பதையும் கேட்டல் வேண்டும்.

முடிவுரை

வருவாயில் அவர்கள் எம்மைவிட இருபது மடங்கு உயர்ந்திருக்கின்றனர். ஆயுளிலோ அவர்கள் ஏறத்தாழ 83 ஆண்டும் நாம் ஏறத்தாழ 77 ஆண்டும் வாழ்கின்றோம். இருபது மடங்கு பணத்தால் அவர்கள் எம்மினும் அதிகமாய்ப் பெற்றது ஆறாண்டே. இதனைக் கொண்டு பணம் வேண்டியதில்லை எனக் கருதலாகாது. மருந்தின்றி வைத்தியசாலைகள் தவித்த 2022ஆம் ஆண்டு, பொருளில்லாத நலம் நிலைக்காது என்பதைக் காட்டிவிட்டது. ஆயினும் பள்ளிக்கூடமும் மருத்துவமாதும் ஏழைநாட்டிலும் செய்யக்கூடியது எவ்வளவு என்பதற்கு நாமே சாட்சி.

முதியோர்க்கு ஒரு விண்ணப்பம். நாம் எல்லாவற்றிலும் முதலில் நின்றோம் என்று இளைஞர்க்குச் சொல்லாதீர்கள். கைப்பொருள் குறைவாயிருந்தும் குழந்தைகளைக் காத்தோம், கற்பித்தோம் என்று சொல்லுங்கள். அதுவே உண்மை, பெருமையும் அதுவே.

இளைஞர்க்கும் ஒரு சொல். வெளிநாடு செல்ல விரும்புவோர் செல்க. உங்கள் பூட்டன்மாரும் சென்றவர்களே. ஆயின் சம்பளத்தை மாத்திரம் கணக்கிட்டு நாட்டை இகழாதீர்கள். சிங்கப்பூர் கடல் நடுவே ஒரு சிறு மேடு. அதற்கு வயலில்லை, குளமில்லை, தேயிலை மலையில்லை. எமக்கு அவையெல்லாம் இருந்தும், ஒருவரை ஒருவர் சமமாய் மதித்து வாழும் வழி வாய்க்கவில்லை. ஐந்தணியுள் நாம் இழந்தவற்றிற் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று. அதைத் தேடிப் பெறுதற்குக் கப்பலேற வேண்டியதில்லை.